பச்சை நூல் சுற்றிய கயிறு

போன வருஷம் வைகாசி மாதம், எங்கள் சின்ன காஞ்சிபுரத்தில் கருட சேவை முடிந்து அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை. மகாபலிபுரத்தைத் தாண்டி ஒரு மீனவர் குப்பத்துக் கடற்கரையில், மதியம் மூன்று மணி வாக்கில் நடந்தது இது. நான் ஐந்தாவது வரைதான் படித்தவள். நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறக்கக் கூச்சப்படுகிறவள். எழுதினால் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை என்று தைரியம் வந்து எழுதுகிறேன்.

முதலில் என் மருமகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏனாத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரி அலுவலகத்தில் அவளுக்கு வேலை. காலையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பாள். முப்பத்தெட்டு வயதிலேயே முதுகுவலி, கழுத்துவலி. சர்க்கரை வேறு எல்லைக்கு வந்துவிட்டது என்று டாக்டர் சொல்லியிருந்தார். படுத்தால் தூக்கம் வராது. காலையில் குனிந்து குடத்தைத் தூக்கியவள் நிமிர முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். டாக்டர் நடக்கச் சொன்னார். பத்து நாள் நடந்தாள், நின்றுவிட்டது.

அந்தக் கல்லூரியில் படித்துவிட்டுப் போன ஒரு தம்பி, மீனவக் குடும்பத்துப் பிள்ளை, இப்போது முப்பது வயது இருக்கும், கடலோரத்தில் தண்ணீர் விளையாட்டுகள் கற்றுக்கொடுக்கிறார். ஒருநாள் அலுவலகத்துப் பெண்களை எல்லாம் அழைத்துப்போய்க் காட்டினார். மற்றவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டார்கள். என் மருமகள் மட்டும் அடுத்த ஞாயிறும் போனாள், அதற்கு அடுத்த ஞாயிறும் போனாள். அவருடைய கம்ப்யூட்டர் வேலைகளை இவள் பார்த்துக் கொடுப்பாள், அவர் இவளுக்குக் கற்றுக்கொடுப்பார் என்று ஏற்பாடு. இதெல்லாம் என் மகனுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. நீச்சல் பழகப் போகிறாள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு சாயங்காலம் மாடிக்குப் போனால், சட்டையும் கால்சட்டையும் ஒன்றாகத் தைத்த கறுப்பு உடுப்பு ஒன்று கொடியில் தலைகீழாகத் தொங்குகிறது. எதிர்வீட்டு அம்மா அவர்கள் மாடியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டார்.

"இன்னாக்கா அது? கெணத்துல எதனா வியுந்துச்சா? முங்கி எடுக்கறவங்கள கூட்டினு வந்துகிறீங்களா?"

காயாத உடுப்பை அப்படியே சுருட்டிக்கொண்டு கீழே வந்துவிட்டேன். மருமகள் அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள்.

"உங்களாண்ட சொன்னா பயந்துக்குவீங்கன்னு உங்க புள்ளதான் சொல்லாதேன்னாரு, அத்தை" என்று போனில் படம் காட்டினாள்.

கடலுக்கு மேலே, வில் மாதிரி வளைந்த ஒரு பெரிய காத்தாடி. அதிலிருந்து நாலு நீளக் கயிறு. கயிற்று முனையில் ஒரு கட்டை. அந்தக் கட்டையைப் பிடித்துக்கொண்டு, காலில் பலகையோடு, தண்ணீர்மேல் ஒருத்தி போய்க்கொண்டிருந்தாள்.

"யாரு இது?"

"நான்தான்."

நான் கேட்ட அடுத்த கேள்வி, "கயித்துல மாஞ்சா போட்டுகிறாங்களா?" என்பதுதான். காத்தாடி என்றாலே கழுத்தை அறுக்கும் அந்தக் கண்ணாடித்தூள் நூல்தான் எங்களுக்குப் பயம்.

"மாஞ்சால்லாம் கெடையாது அத்தை. வெறும் கயிறு. வழவழன்னு இருக்கும், உங்க பட்டு மாதிரியே."

அந்த வார்த்தை என் மனதில் தங்கிவிட்டது. பட்டு மாதிரி. அப்படியானால் எனக்குப் பழக்கப்பட்டதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஏழெட்டு மாதத்தில் அவள் உடம்பு மாறியதை நான் கண்ணால் பார்த்தேன். குடத்தைத் தூக்கிக்கொண்டு படியேறினாள். படுத்தவுடன் தூங்கினாள். டாக்டர் சர்க்கரையைப் பார்த்துவிட்டு, இப்போதைக்கு மாத்திரை வேண்டாம், செய்துகொண்டிருப்பதையே விடாமல் செய்யுங்கள் என்றாராம். கையால் அவ்வளவு பெரிய காத்தாடியை இழுத்துப் பிடித்தால் கை வலிக்காதா என்று கேட்டேன். கையில் பாரமே இல்லை, இடுப்பில் அகலமான வார் கட்டி அதில்தான் காத்தாடி மாட்டியிருக்கும், வயிறும் தொடையும் முதுகும்தான் எதிர்த்து நிற்க வேண்டும் என்றாள். கருட சேவையில் பெருமாளுக்குப் பெரிய குடை பிடிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். காற்று குடையை ஒரு பக்கம் இழுக்க, அவர்கள் இடுப்பை எதிர்ப்பக்கம் சாய்த்து நிற்பார்கள். அதே மாதிரிதான் என்று புரிந்துகொண்டேன்.

சும்மா வந்துவிடவில்லை அந்த உடம்பு. சிப்பி கிழித்த காலோடு ஒருநாள் வருவாள். முட்டி பிசகி ஒரு வாரம் நொண்டினாள். பலகை இடித்துத் தொடையில் கன்றிப்போன இடத்துக்கு நானே ஒத்தடம் கொடுத்திருக்கிறேன். "தெரிஞ்சேதான் போறேன் அத்தை. முதுகுவலி தானா வந்தது. இது நானா வாங்கிக்கறது" என்பாள். ஒருதரம் வந்து பாருங்கள் என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். நான்தான் தட்டிக்கழித்தேன். புது இடம், புது மனுஷர்கள் என்றாலே எனக்குக் கை கால் ஓடாது.

கடைசியில் அந்த ஞாயிற்றுக்கிழமை கிளம்பினேன். அன்றைக்குத் தறியில் புதுப் பாவு ஏற்ற வேண்டியிருந்ததால் என் மகனால் வர முடியவில்லை. அவன்தான் எங்கள் வீட்டுத் தறியில் நெய்கிறான். அவனுக்குக் குறுக்கே ஓடும் ஊடைக்கு வேண்டிய பட்டு இழையை ராட்டையில் சின்னக் குழல்களில் சுற்றிக் கொடுப்பது என் வேலை. தார் சுற்றுவது என்போம். பதினோரு வயதிலிருந்து செய்கிறேன்.

புளிச்சோறு கட்டிக்கொண்டு, பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தோம். அந்தத் தம்பி என்னைப் பார்த்ததும் ஓடிவந்து பையை வாங்கிக்கொண்டார்.

"வா ஆயா! ஏர்றியா நீயும்? உன் வெயிட்டுக்குக் காத்து தூக்கினு போயி நேரா காஞ்சிபுரத்துலயே எறக்கிடும்."

"நல்லதாப் போச்சு, தம்பி. எங்களுக்கு ஒரு பஸ் டிக்கெட் மிச்சம்" என்றாள் மருமகள்.

நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அவர் மணலில் மல்லாந்து கிடந்த காத்தாடியையும், அதிலிருந்து நீண்டு கிடந்த கயிறுகளையும் காட்டினார். சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்:

"ஆயா, ஒண்ணே ஒண்ணு. கயிறு கெடக்கற பக்கம் மட்டும் வராத. கடல்ல அடிபட்டவங்கள விட கரையில அடிபட்டவங்களதான் நான் ஜாஸ்தி பாத்துகிறேன். தோ, அந்தப் படகாண்ட குந்திக்கோ."

தலையாட்டினேன். யார் என்ன சொன்னாலும் தலையாட்டுகிற பழக்கம் எனக்கு.

முதல் தடவை அவள் போனதைப் படகின் ஓரம் உட்கார்ந்து பார்த்தேன். தண்ணீரில் இடுப்பளவு போய், காலைப் பலகையில் கொடுத்து, ஒரு சாய் சாய்ந்தாள். அவ்வளவுதான், காத்தாடி அவளை எழுப்பி நிற்கவைத்துக் கூட்டிக்கொண்டு போய்விட்டது. முதுகு நேராக இருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற பெண்ணா இவள் என்று எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. திரும்பி வந்து மூச்சு வாங்க உட்கார்ந்து, என் கையால் புளிச்சோறு வாங்கிச் சாப்பிட்டாள். "இன்னொரு ரவுண்டு போயிட்டு வந்துடறேன் அத்தை" என்று எழுந்தாள்.

அந்த நேரத்தில் வெளியூரிலிருந்து வந்த ஆண்கள் நாலைந்து பேர் படகின் நிழலுக்கு வந்து, என்னைச் சுற்றி உட்கார்ந்து பேச ஆரம்பித்தார்கள். தப்பாக ஒன்றும் பேசவில்லை. எனக்குத்தான் அவர்கள் நடுவில் உட்காரக் கூச்சம். சத்தமில்லாமல் எழுந்து, நகர்ந்து நகர்ந்து, ஆளில்லாத இடமாகப் பார்த்து உட்கார்ந்தேன். அது கயிறுகள் கிடந்த இடத்துக்குப் பக்கம் என்று தெரியும். கயிற்றின் மேலா உட்காரப் போகிறேன், இரண்டு முழம் தள்ளித்தானே என்று நினைத்தேன்.

எனக்கு வலப்பக்கம் தூரத்தில் காத்தாடி கிடந்தது. அந்தத் தம்பி அதன்மேல் கொட்டியிருந்த மணலைத் தட்டிக்கொண்டிருந்தார். இடப்பக்கம் கயிறுகளின் மறுமுனையில் மருமகள், இடுப்பு வாரில் கட்டையை மாட்டிக்கொண்டிருந்தாள். என் முன்னால் நாலு கயிறும் தளர்ந்து மணலில் கிடந்தன. அதில் ஒன்றில் மட்டும் அடையாளத்துக்குப் பச்சை நூல் சுற்றியிருந்தது. அந்தப் பச்சை நூல் ஓரிடத்தில் பிரிந்து, முனை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

இழை முனை பிரிந்து ஆடினால் என்னால் சும்மா இருக்க முடியாது. எத்தனையோ வருஷத்துப் பழக்கம். இழை தளர்ந்தால் அதை ஆள்காட்டி விரலில் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் முனையைச் சேர்த்துவிடுவோம். அப்படிச் சுற்றிப் பிடித்தால்தான் இழை நழுவாது. "நூல் பிரிஞ்சிருக்குதும்மா" என்று ஒரு சத்தம் கொடுத்திருக்கலாம். அத்தனை ஆண்கள் இருக்கிற இடத்தில் சத்தம் போடுவதாவது என்று, கையை நீட்டிக் கயிற்றை எடுத்தேன். விரலில் ஒரு சுற்று. பச்சை நூலின் முனையைத் தேடினேன்.

அவர்கள் இரண்டு பேரும் காத்தாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தம்பி அதைப் பக்கவாட்டில் நிமிர்த்தினார். கயிறு எழுந்தது.

பட்டு மாதிரி என்று சொன்னாள். பட்டு இப்படி இழுக்காது. மணலிலிருந்து கயிறு விறைத்து எழும்பியபோது என் கையையும் கூட எழுப்பிக்கொண்டு போனது. உட்கார்ந்திருந்தவள் முழங்காலில் நின்றேன். விரல் கறுத்துப்போனதைப் பார்த்தேன். அப்போதும் வாயிலிருந்து சத்தம் வரவில்லை. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

மருமகள் திரும்பிப் பார்த்தாள். அவள் கை அடிவயிற்றுக்கு முன்னால் இருந்த, ஆபத்தென்றால் இழுக்க வேண்டிய சிவப்புப் பிடிக்குப் போனதை நான் பார்த்தேன். போன கை அதைத் தொடாமல் திரும்பியது. அடுத்த நொடி அவள் என்னை நோக்கி ஓடிவந்தாள். அவள் ஓடிவர, கயிறு தளர்ந்தது. என் விரல் வெளியே வந்துவிட்டது. ஆனால் காத்தாடி அதற்குள் தம்பியின் கையிலிருந்து கிளம்பி மேலேறி ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. தளர்ந்த கயிறு மறுபடியும் படார் என்று விறைத்தது. அவளைத் தூக்கி, நாலு முழ தூரம் கொண்டுபோய், தோள் தரையில் பட அடித்தது. ஈர மணல் சிமெண்ட் மாதிரி இருந்தது. விழுந்த பிறகுதான் அவள் சிவப்புப் பிடியை இழுத்தாள். காத்தாடி உயிர் போன மாதிரி பொத்தென்று கீழே விழுந்தது.

தம்பி ஓடிவந்தார். காத்தாடி மறைத்துக்கொண்டிருந்ததால் அவர் என்னைப் பார்த்திருக்கவில்லை.

"அக்கா! இன்னாக்கா நீங்க? காத்தாடி பக்கம் ஓடக்கூடாதுன்னு மொத நாளே சொன்னேனா இல்லையா? சிவப்ப ஏன் மொதல்லயே இழுக்கல?"

அவள் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். "பயந்துட்டேன் தம்பி. மறந்துட்டேன்" என்றாள்.

நான் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன்.

தம்பி தன் வண்டியிலேயே செங்கல்பட்டுக்குக் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார். கழுத்துக்குக் கீழே காறை எலும்பில் முறிவு. ஆறு வாரம் கையைக் கழுத்திலிருந்து தொங்கும் துணித் தொட்டிலில் போட்டிருக்க வேண்டும் என்றார்கள். என் மகன் வந்து சேர்ந்தபோது தம்பி அவனிடம் நடந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தார். பயத்தில் சிவப்புப் பிடியை மறந்துவிட்டார்கள் என்று சொன்னார். நான் பக்கத்தில்தான் நின்றேன். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. என் விரலில் கயிறு பதிந்த இடம் வளையமாக எரிந்துகொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஆளுக்கொன்று சொன்னார்கள். எதிர்வீட்டு அம்மா ஆப்பிளை உரித்துக்கொண்டே, "உனுக்கு எதுக்குமா இந்த வேல? காத்தாடி விடற வயசா? கோயில சுத்தினாலே உடம்பு எளைக்கும்" என்றார். மருமகள் "ஆமாங்க்கா" என்று கேட்டுக்கொண்டாள். மகன் கோபப்படவில்லை. அமைதியாக, "போதும்மா. இன்னொரு தபா என்னால அந்த ஆஸ்பத்திரில வந்து நிக்க முடியாது" என்று அவளிடம் சொன்னான். அதற்கும் தலையாட்டினாள். அந்தத் தம்பியும் போனில் கறாராகச் சொல்லிவிட்டார். பயத்தில் பிடியை மறந்தவரைத் திரும்ப ஏற்ற மாட்டேன், உயிருக்கு நான்தான் பொறுப்பு என்று. அவர் மேல் தப்பில்லை. அவருக்குத் தெரிந்ததை வைத்துத்தானே முடிவெடுக்க முடியும்?

நான் அவளுக்குத் தலை வாரினேன், குளிக்க வைத்தேன், சோறு ஊட்டினேன். ஒவ்வொரு நாளும் இன்று சொல்லிவிட வேண்டும் என்று எழுந்திருப்பேன். ஒரு மத்தியானம் தார் சுற்றிக்கொண்டிருந்தபோது மகன் என் விரலைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா இது, புண்ணாட்டம்?" என்றான். நான் விரலை மடக்கிக்கொண்டேன். அவள் உள்ளேயிருந்து இடது கையில் களிம்போடு வந்து, "ராட்டைல மாட்டிக்கிச்சா அத்தை?" என்று கேட்டுக்கொண்டே விரலில் தடவினாள்.

"ஆமா" என்றேன்.

அவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய். தெரியாமல்தான் கேட்கிறாள் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

தொட்டிலைக் கழற்றியபோது அவள் பழையபடி ஆகியிருந்தாள். முதுகுவலி திரும்பிவிட்டது. தூக்கம் போய்விட்டது. சர்க்கரையும் ஏறியிருந்தது. ஒருநாள் அந்தக் கறுப்பு உடுப்பையும் இடுப்பு வாரையும் ஒரு பையில் மடித்து வைத்தாள். அவை அந்தத் தம்பியுடையவை, வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன் என்றாள். மடிக்கும்போது உடுப்பின் கையில் ஒட்டியிருந்த மணலை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்துவிட்டு நான் கொல்லைப்பக்கம் போய் நின்றேன்.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்தார், கையில் ஒரு பை நிறைய நுங்கோடு. உடுப்பும் வாரும் வைத்த பை வாசற்படி ஓரம் தயாராக இருந்தது. எதிர்வீட்டு அம்மாவும் வந்து உட்கார்ந்துகொண்டார். நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் காபி ஆற்றிக்கொண்டிருந்தேன். மகன் கேட்டான், "அந்தச் சிவப்பு புடிய இழுத்தா இன்னாதான் ஆவும்?"

"ரொம்ப சிம்பிள்ணா. இழுத்தா மூணு கயிறு தளந்துடும். காத்தாடி மொத்தமும் ஒரே கயித்துல போயி, அடங்கி வியுந்துடும். புதுசா கத்துக்கறவங்களுக்குத் தெரியட்டும்னு அந்த ஒரு கயித்துல மட்டும் நான் பச்ச நூலு சுத்தி வெச்சிருப்பேன்."

டம்ளர் என் கையில் நின்றுவிட்டது.

காபியை வைத்துவிட்டு, அவர்கள் நடுவில் போய் நின்றேன். வேற்று மனுஷர்கள் முன்னால் நான் கேட்ட முதல் கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன்.

"தம்பி, அந்தப் பச்ச நூலு கயித்துல அந்த நேரத்துல யாரனா கை வெச்சிருந்தா?"

"ஐயோ ஆயா, வெரலு கையோட இருக்காது. காத்தாடி இழுப்பு மொத்தமும் அந்த ஒரு கயித்துலதானே? அத்தோட சரசரன்னு ஓடும்."

நான் மருமகளைப் பார்த்தேன். அவள் வேண்டாம் என்று தலையை லேசாக ஆட்டினாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, அவளுக்கு ஆரம்பத்திலிருந்தே எல்லாம் தெரியும்.

"அந்தக் கயிறு என் கையிலதான் இருந்தது" என்றேன். விரலை நீட்டிக் காட்டினேன். "இவ ஒண்ணும் மறக்கல. பயப்படவும் இல்ல. நான்தான் போவாதன்னு சொன்ன எடத்துக்குப் போயி, தொடக்கூடாதத எடுத்து வெரல்ல சுத்தினேன். நூலு பிரிஞ்சிருந்தது, சரி பண்ணப் போனேன். இவ புடிய இழுத்திருந்தா என் வெரலு போயிருக்கும். அதான் இழுக்காம ஓடியாந்தா. இத்தினி நாளா நான் வாய மூடிக்கினு இருந்தேன்."

கடைசி வரை சொல்லிவிட்டேன்.

எதிர்வீட்டு அம்மா நுங்கைக் கையில் வைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி எழுந்து வந்து என் விரலைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மருமகளிடம் திரும்பினார்.

"ஏக்கா, கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள இத்தினியும் யோசிச்சீங்களா?"

"யோசிக்கல்லாம் இல்ல தம்பி. பச்ச நூல பார்த்தேன். கை தானா வந்துடுச்சு."

"அப்புறம் ஏன் மறந்துட்டேன்னு சொன்னீங்க? நான் உங்கள எவ்ளோ திட்டினேன்!"

அவள் என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "சொல்லியிருந்தா அத்தை அதுக்கப்புறம் ராட்டையாண்ட போயி குந்தவே மாட்டாங்க. எந்த இழையத் தொட்டாலும் இதுதான் ஞாபகம் வரும். எனக்குத் தெரியாதா அவங்கள?"

என் மகன் என்னைத் திட்டுவான் என்று காத்திருந்தேன். அவன் எழுந்து, வாசற்படி ஓரம் இருந்த பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனான். அலமாரிக் கதவு திறந்து மூடிய சத்தம் கேட்டது.

"நுங்கு சூடாவுது, சாப்புடுங்கப்பா" என்றார் எதிர்வீட்டு அம்மா. அதற்கு எல்லாரும் சிரித்தோம். தம்பி என்னைப் பார்த்து, "ஆயா, பாடம் உனக்குத்தான் மொதல்ல நடத்தியிருக்கணும். தப்பு என்னுதுதான்" என்றார். அது அவருடைய பெருந்தன்மை. தப்பு யாருடையது என்று எனக்குத் தெரியும்.

எலும்பு நன்றாகக் கூடி, ரப்பர் பட்டையை இழுத்து இழுத்துத் தோளுக்குப் பலம் வந்து, டாக்டர் சரி என்று சொல்ல இன்னும் மூன்று நாலு மாதம் பிடித்தது. அதுவரை அவளும் அவசரப்படவில்லை, யாரும் அவளை அவசரப்படுத்தவும் இல்லை. திரும்பப் போன முதல் நாள் மகனும் நானும் கூடப் போனோம். தம்பி மணலில் காலால் ஒரு கோடு கிழித்தார்.

"ஆயா, இந்தக் கோட்டத் தாண்டாத. இங்க நின்னுக்கினு ஒரு வேல செய்யி. கயித்தாண்ட யாரும் இல்லன்னு நல்லா பாத்துட்டு, சத்தமா 'ஆளில்ல, வுடு'ன்னு சொல்லணும். நீ சொன்னாதான் நான் காத்தாடிய தூக்குவேன்."

எனக்குத்தான் சத்தமே வராதே என்றேன். அப்படியென்றால் காத்தாடி மேலே போகாது, எல்லாரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்று அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார். கரையில் அன்றைக்கும் வெளியூர் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். கோட்டின் மேல் நின்று நாலு கயிற்றையும் முனையிலிருந்து முனைவரை பார்த்தேன். பச்சை நூல் புதிதாக, பிரியாமல் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு கத்தினேன். எவ்வளவு சத்தமாகக் கத்தினேன் என்றால், படகாண்டை படுத்திருந்த நாய் எழுந்து ஓடியது. மருமகள் சிரித்துக்கொண்டே கடலுக்குள் போனாள்.

இப்போதும் அவள் கடலுக்குப் போகிற ஞாயிறுகளில் முடிந்தபோதெல்லாம் கூடப் போகிறேன், அந்த வேலையைச் செய்கிறேன். மற்ற நாட்களில் ராட்டை முன்னால் உட்கார்ந்து தார் சுற்றுகிறேன். என் ஆள்காட்டி விரலில் மெல்லிய வளையமாக ஒரு தழும்பு இருக்கிறது. பட்டு இழை அதைத் தொட்டுக்கொண்டு ஓடும்போதெல்லாம், என் விரலுக்குப் பதிலாக ஒருத்தி தன் தோளைக் கொடுத்ததும், அதை நான் அத்தனை நாள் வாய் திறக்காமல் வாங்கிக்கொண்டதும் இரண்டும் சேர்ந்தே நினைவுக்கு வருகின்றன, ஒன்றை விட்டு ஒன்றை நினைக்க எனக்கு இஷ்டமும் இல்லை.